பூஜ்யம் போட்ட அப்பா

சட்டைப் பொத்தான்களை மாற்றிப் போட்டுக்கொண்டு, ஒரு காலில் மட்டும் செருப்போடு நின்றவர், என் தாளில் பூஜ்யத்தைச் சுற்றி அழகாக வட்டம் போட்டிருந்தார்.

குழந்தைகள் அவசரப் பிரிவில் எனக்கு வேலையே இதுதான். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவருகிறவர்களிடம், "இப்ப உங்களுக்கு எவ்வளவு பதற்றமா இருக்கு? பூஜ்யத்துலேர்ந்து பத்துக்குள்ள சொல்லுங்க" என்று கேட்க வேண்டும். விரலில் கிளிப் மாட்டி, அதில் தெரிகிற நாடித்துடிப்பையும் குறித்துக்கொள்ள வேண்டும். ஆராய்ச்சியாம். வீடு பற்றி எரிகிறவனிடம் சூடு எத்தனை டிகிரி என்று கேட்கிற வேலை என்று என் புருஷன் கிண்டல் பண்ணுவார். நான் முறைப்பேன்.

இவருடைய மகளுக்கு நான்கு வயது. படியில் விழுந்து நெற்றி கிழிந்திருந்தது. உள்ளே தையலுக்குத் தயார் செய்துகொண்டிருந்தார்கள். இவர் விரலில் மாட்டிய கிளிப்பில் நாடித்துடிப்பு நூற்று முப்பத்தெட்டு.

"சார், பூஜ்யம்னா கொஞ்சம்கூட பதற்றமே இல்லைன்னு அர்த்தம்."

"ஆமாம்மா. நான் நல்லாத்தான் இருக்கேன்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இந்த மாதிரி வீம்பு பிடித்த ஆம்பளைகளை நிறையப் பார்த்தாயிற்று.

"மிஷின் வேற மாதிரி சொல்லுதே?"

சட்டென்று மறு கையால் கிளிப்பைப் பொத்திக்கொண்டார்.

"டாக்டர்கிட்ட சொல்லிடாதீங்கம்மா. பயந்தவங்கள வெளிய உக்கார வெச்சிடுவீங்கள்ல? கையப் பிடிச்சுக்கறேன்னு வழியெல்லாம் அவகிட்ட சொல்லிக்கிட்டே வந்தேன்."

யாரை உள்ளே விடலாம் என்று பார்க்கிற பரீட்சை என்று நினைத்துவிட்டார், பாவம். இத்தனை மாதத்தில் இப்படி எத்தனை பூஜ்யங்களை வாங்கி அப்படியே கணினியில் ஏற்றியிருப்பேன்! என் மேலேயே எனக்கு ஆத்திரமாக வந்தது.

"அய்யோ, அதுக்கில்ல சார். உங்கள யாரும் வெளிய அனுப்ப மாட்டாங்க. வாங்க, நானே கூட்டிட்டுப் போறேன்."

அவசரத்தில் கிளிப்பைக் கழற்ற மறந்துவிட்டேன். மகள்தான் முதலில் பார்த்தாள்.

"அப்பா, உனக்கும் அடிபட்டுடுச்சா?"

"இல்லடா கண்ணு. அப்பாவுக்குப் பயமா இருக்கான்னு பாக்கறாங்க."

"இருக்கா?"

அவர் என்னைப் பார்த்தார். என் கையிலிருந்த தாளைப் பார்த்தார்.

"கொஞ்சூண்டு," என்றார்.

"எனக்கும்ப்பா."

டாக்டர் ஊசியை எடுத்தார். நூற்று நாற்பத்தொன்று. அவள் கை நீட்டி, கிளிப்போடு சேர்த்து அந்த விரலை இறுக்கி மூடிக்கொண்டாள். அதற்குப் பிறகு எண் எனக்குத் தெரியவில்லை.