மூன்றாம் மாடியில் ஒரு கறுப்புச் சட்டை

“அந்தக் கறுப்புச் சட்டை இந்த வீட்டுக்குள்ள ஏறக் கூடாதுன்னு நான் சொல்லி…”

“ஏறியாச்சு. மாடியில தொங்குது.”

“நான் பேசிக்கிட்டே இருக்கேன், நீ பாட்டுக்கு…”

“நானும்தான் பேசிக்கிட்டே இருக்கேன். சட்டைக்கு ஏதுங்க பக்கம்? அழுக்கு போச்சா, போகலையா, அதோட சரி.”

“அமெரிக்காக்காரன் துணிய வெளுத்துச் சோறு திங்கிறோம் லா! அவனைச் சுடுறவன் சட்டைய அவன் சட்டைக்குப் பக்கத்துலயே கொண்டுபோய்…”

“நல்லாத்தான் காயுது ரெண்டும்.”

செல்லக்கண்ணுவின் வீட்டில் சட்டை கிடக்கும் வரை அந்தச் சட்டைக்காரன் சண்டையில் சாவதில்லை. 1967இல் நோரிஸ் ரோட்டுப் பக்கம் இது எல்லோருக்கும் தெரிந்த சேதி. தேக்கா பாசாரில் வெண்டைக்காய் விலை தெரிந்திருப்பது போலத்தான் இதுவும் தெரிந்திருந்தது. யாரும் வாயைப் பிளக்கவில்லை. அவள் புருஷன் துரைசாமிக்கும் அதில் சந்தேகம் கிடையாது. அவர் பயமெல்லாம், யார் யாரைப் பிழைக்க வைக்கிறோம் என்று மேலதிகாரிகளுக்குத் தெரிந்துபோனால் என்ன ஆகும் என்பதுதான்.

சண்டை ஆரம்பித்தபோது சின்னதாகத்தான் இருந்தது. வியட்நாம்காரர்கள் தங்கள் ஊரைத் தங்களிடமே விட்டுவிட்டுப் போ என்றார்கள், பிரெஞ்சுக்காரன் போகமாட்டேன் என்றான். சைகோனுக்குப் போகும் அவனுடைய கப்பல்கள் இங்கே நின்று போகும்; அந்தச் சிப்பாய்களின் அழுக்கு மூட்டை துறைமுகத்திலிருந்து துரைசாமியின் சைக்கிளில் வரும். 1952இல் ஒரு கப்பல் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே கிளம்பிவிட, பூனைக்கண் சிப்பாய் ஒருவனின் சட்டை வீட்டிலேயே தங்கிவிட்டது. செல்லக்கண்ணு வழக்கம்போலக் காலருக்குள் சேங்கொட்டைச் சாற்றால், எத்தனை துவைத்தாலும் போகாத தன் குறியை வைத்து, மடித்துப் போட்டிருந்தாள். மறுவருஷம் அவன் வந்தான். போட்டிருந்த சட்டையில் முன்பக்கம் மூன்று ஓட்டை, பின்பக்கம் மூன்று ஓட்டை. நடுவில் இருந்த உடம்பில் ஒரு கீறல் இல்லை. சிரித்துக்கொண்டே பழைய சட்டையை வாங்கிக்கொண்டு போனான். மலைகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தாக்கில் இறங்கிய முதல் நாளே செத்துப்போனான் என்று அவன் கூட்டாளிகள் வந்து சொன்னார்கள். துணிக்குக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்த செல்லக்கண்ணு கையைத் துடைத்துவிட்டு, கட்டி வைத்திருந்த அவர்கள் மூட்டையை மறுபடி அவிழ்த்தாள். அன்றிலிருந்து ஆளுக்கு ஒரு சட்டை அவள் திருப்பித் தருவதில்லை.

1954இல் பிரெஞ்சுக்காரன் கிளம்பினான். வெள்ளைக்காரன் போய்விட்டால் சண்டை முடிந்தது என்பதுதான் அப்போது உலகத்தின் நினைப்பு. அவளும் அப்படித்தான் நினைத்தாள். ஆனால் அந்த ஊரை வேட்டியை நடுவில் கிழிப்பதுபோல இரண்டாகக் கிழித்துவிட்டார்கள். கொஞ்ச காலத்தில் அமெரிக்காக்காரன் சட்டைகள் வர ஆரம்பித்தன. சும்மா ஆலோசனை சொல்ல வந்தவர்களாம். “ஆலோசனை சொல்றவனுக்கு எதுக்குங்க சட்டையில இத்தனை பை?” என்று கேட்டாள். சண்டை பெருக்கிறது என்று பேப்பர் படிக்கிறவர்களுக்கு முன்னாலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. பதினைந்து அங்குலக் காலர் பதினேழானது. இரண்டு மூட்டை இருபதானது. ஐந்து நாள் லீவில் வரும் அமெரிக்கர்கள் தங்குகிற விடுதியின் துணி மொத்தமும் இவர்களிடம் வந்தது. பிறகு ஆஸ்திரேலியாக்காரன், நியூசிலாந்துக்காரன், கொரியாக்காரன், தாய்லாந்துக்காரன். பித்தான் மாறியது, துணி மாறியது, மண் மட்டும் அதே செம்மண். ஊரை விட்டுப் போகச் சொன்ன தகராறில் பாதி உலகம் வந்து நிற்கிறதே என்று கல்லில் அடித்து அடித்துத் துவைத்தாள்.

சட்டைகள் நிறைந்து வீட்டில் படுக்க இடமில்லாமல் போனபோது, இரண்டு மாடி வீட்டுக்குள் மூன்றாவது மாடி ஒன்று வந்தது. தெருவில் நின்று பார்த்தால் தெரியாது. அளக்க வந்த அரசாங்க ஆள், இரண்டு என்று எழுதிக்கொண்டு, மூன்றாவதில் உட்கார்ந்து கோப்பி குடித்துவிட்டுப் போனார்.

அந்த மாடிக்குத்தான் கறுப்புச் சட்டை வந்தது. கொண்டுவந்தவர் ஒலி முகம்மது, அரிசிக் கப்பலில் சமையல்காரர். சைகோனில் அந்த ஊர்ப் பெண்ணைக் கட்டியிருந்தார். “என் மச்சினன் அக்கா. பத்தொன்பது வயசு. காட்டுல இருக்கான், அந்தப் பக்கம். என் பொஞ்சாதி சோறு எறங்காம கெடக்கா” என்றார். செல்லக்கண்ணு சட்டையைத் திருப்பிப் பார்த்தாள். காலர் அளவு பதின்மூன்றுகூட இருக்காது. குறியை வைத்துவிட்டாள். துரைசாமி மூன்று நாள் கத்தினார்.

நாலாம் நாள் மத்தியானம் விடுதியிலிருந்து ஒரு கேப்டன் வந்தான். ஒவ்வொரு மூட்டையிலும் ஒரு சட்டை குறைகிறதாம். ஜீப்பை வாசலில் நிறுத்திவிட்டு, நேரே மூன்றாவது மாடிக்கு ஏறினான். அசையும் பச்சைச் சட்டைகளுக்கு நடுவே அந்தக் கறுப்பு அவன் கண்ணில் பட்டது. எந்தப் பக்கத்துச் சட்டை என்று அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்தில் தொங்கிய பச்சைச் சட்டையில் அவன் பெயரே தைத்திருந்தது, போன வருஷத்து லீவில் காணாமல் போனது. அதற்கு அடுத்த மாதம் அவன் ஹெலிகாப்டர் வயலில் விழுந்து எரிந்தது. உள்ளே இருந்தவர்களில் அவன் ஒருவன்தான், சேற்றைத் தட்டிவிட்டுக்கொண்டு நடந்து வந்தவன். அவன் முகம் போன போக்கிலேயே புரிந்துகொண்டான் என்று தெரிந்தது.

மற்றதெல்லாம் இருக்கட்டும், அந்தக் கறுப்பை மட்டும் எடுத்துவிடு என்றான். சட்டைமேல் கைவைக்கவும் போனான். ஒலி முகம்மதின் மச்சினன் உயிர் அந்தக் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது.

செல்லக்கண்ணு குறுக்கே வந்து நின்றாள். ஐந்தடிகூட இல்லாதவள். கேப்டனின் சட்டையைக் கழற்றி உதறி, நாலாக மடித்து, இரண்டு கையாலும் அவனிடம் நீட்டினாள்.

“அத எடுத்தா இதையும் எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லுங்க” என்றாள் துரைசாமியிடம்.

பதினைந்து வருஷமாக அவள் பேச்சில் பாதியை முழுங்கிவிட்டு மீதியைத்தான் துரைசாமி துரைமார்களிடம் ஆங்கிலத்தில் சொல்லுவார். அன்றைக்கு ஒரு சொல் விடாமல் சொன்னார். கேப்டன் நீட்டிய சட்டையைப் பார்த்தான். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டான். அப்படியே பின்வாங்கி, படியில் இறங்கி, ஜீப்பில் உட்கார்ந்து, “குறைவு ஏதுமில்லை” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

கேப்டன் ஓடின கதை கோப்பிக்கடை வழியாகத் துறைமுகத்துக்குப் போனது, அங்கிருந்து கப்பலேறியது. அடுத்த மழைக்குள் எல்லா ஊர் மாலுமிகளும் சட்டையோடு வந்தார்கள். கறுப்பு, பச்சை, காக்கி, நர்ஸ் போடும் வெள்ளை, பள்ளிக்கூடச் சட்டை. ஒலி முகம்மதின் மச்சினன் இருந்த சுரங்கம்மேல் இரண்டு தடவை குண்டு விழுந்தது. இரண்டு தடவையும் தும்மிக்கொண்டே வெளியே வந்தான் என்று கடிதம் வந்தது. கேப்டன்கூடத் தன் தம்பி சட்டையைத் தபாலில் அனுப்பினான். 1969இல் சண்டை பக்கத்து நாடுகளுக்கும் சொட்டியபோது வீட்டில் நாலாவது மாடி வந்தது. துரைசாமி அதற்கு ஜன்னல் வைத்தார், காற்று வேண்டுமே.

ஒரு காலையில் அவர் தோளில் ஒரு மூட்டை, கக்கத்தில் ஒரு மூட்டையோடு மூச்சிரைக்க மேலே ஏறிவந்தார். கீழே வரிசை சிராங்கூன் ரோடு வரைக்கும் நிற்பதாகச் சொல்ல வாயெடுத்தார். செல்லக்கண்ணு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“ஏங்க, கயிறு தீந்துபோச்சு. சேக் தாவூது கடையில நூறு கெஜம் வாங்கிட்டு வாங்க, ரெண்டு பக்கமும் இழுத்தாலும் அறுந்துபோகாத கயிறா இருக்கணும்.”