மாண்புமிகு அக்கா

வசனம் எழுதுவது நான். எல்லோரும் கொண்டாடுவது அக்காவை. சொல்லும்போதே வயிறு எரிகிறது. மறைத்து என்ன ஆகப்போகிறது?

எங்கள் இணையத் தொடரில் ஒரு பெண் அமைச்சர் வருவார். தண்ணீர் வரவில்லை என்று யாராவது கேட்டால், குழாய் வந்துவிட்டதற்கு வாழ்த்துச் சொல்லி அனுப்பிவிடுவார். ஏழு மாதம் மண்டையைக் குடைந்து அந்த அம்மாவை உருவாக்கினேன். நடிக்க ஒப்புக்கொண்டவள் முதல் நாளே கைவிரித்துவிட்டாள். வேறு வழியில்லாமல், பேருந்து நிலையத்தில் முன்பதிவுக் கவுண்டரில் வேலை பார்க்கும் அக்காவை மதிய இடைவேளையில் இழுத்து வந்து, ஒரு மூக்குக் கண்ணாடியை மாட்டி உட்காரவைத்தோம். என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்ட நாள் அது.

அக்காவுக்கு நடிக்கத் தெரியாது. பதினாறு வருடமாகப் பயணிகளின் கோபத்தை முகம் அசையாமல் கேட்டுப் பழகியவள், அவ்வளவுதான். வசனம் மறந்துபோனால் அப்படியே முழிப்பாள். அந்த முழியைத்தான் ஜனங்கள் நடிப்பு என்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை எபிசோடு வெளியாகும். சனிக்கிழமை காலை கேமரா அண்ணன் வீட்டு மாடி அறையில் மூவரும் கூடி, பார்வையாளர்கள் எழுதியதைச் சத்தமாக வாசிப்போம். படம் எடுப்பது, வெட்டி ஒட்டுவது எல்லாம் அவர்தான். சட்டம் போடுவதும் அவர்தான். தன்னைப் பற்றிய பாராட்டைத் தன் வாயால் வாசிக்கக் கூடாது, தலைக்கனம் ஏறிவிடும் என்பது அவர் போட்ட சட்டம். வருவதெல்லாம் அக்காவைப் பற்றி. ஆகவே வாரா வாரம் வாசித்தது நான்.

"'அமைச்சரம்மா, எங்க தொகுதியில நில்லுங்க. ஏமாறுறதுக்கு நாங்க ரெடி.' ஆயிரத்து இருநூறு பேருக்குப் பிடிச்சிருக்கு" என்று வாசிப்பேன். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். ஒரு சனிக்கிழமை இது வந்தது: "'இவங்க சொந்தமாப் பேசுறாங்கன்னு நினைக்கிறேன். எழுதி வச்சுப் பேசினா இவ்வளவு இயல்பா வராது.'"

வாசித்து முடித்ததும் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தேன்.

"ஐயோ, நான் எங்கடி சொந்தமாப் பேசினேன்? எல்லாம் நீ எழுதினதுன்னு பதில் போடுடி" என்றாள் அக்கா.

"எதுக்கு? நானே போட்டா கேவலமா இருக்கும்" என்றேன்.

அவள்மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியவில்லை. அதுதான் இன்னும் எரிச்சல். கவுண்டரில் ஆட்கள் வரிசையில் நின்றுகொண்டே "மாண்புமிகு அமைச்சரே, ஒரு ஜன்னல் சீட்" என்று கேட்கிறார்களாம். வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள்: "இத்தனை வருஷத்துல எல்லாரும் என்கிட்ட டிக்கெட்தான்டி கேட்டாங்க. இப்பதான் நல்லா இருக்கீங்களான்னு கேக்குறாங்க." அவள் சம்பளத்தில்தான் நான் வேலையை விட்டுவிட்டு எழுதிக்கொண்டிருந்தேன். அவளுக்கென்று முதன்முதலாக ஒரு சந்தோஷம் வந்திருக்கிறது என்பதும் எனக்குப் புரிந்தது. புரிந்து என்ன? அன்றிரவே அமைச்சரைப் பதவியிலிருந்து இறக்க முடிவு செய்தேன்.

ராஜினாமா உரை, நான்கு பக்கம். நகைச்சுவை என்று ஒரு சொட்டுக்கூட வைக்கவில்லை. "பதவி எனக்குத் தோளில் போட்ட துண்டு", "மக்களின் அன்பு ஒன்றே போதும்", "இது எனது சொந்த முடிவு" என்று புளித்துப்போனதையெல்லாம் தேடித் தேடித் திணித்தேன். பார்ப்பவர்கள் கொட்டாவி விட வேண்டும், அடுத்த வாரம் புது அமைச்சர் வந்ததும் அப்பாடா என்று மூச்சுவிட வேண்டும். அதுதான் திட்டம்.

அக்கா இரண்டு முறை படித்தாள். "இதுல சிரிப்பு எங்கடி?"

"பார்க்கும்போது வரும்."

"அப்புறம் அமைச்சர் வரவே மாட்டாங்களா?"

"கதைக்கு அது தேவைக்கா."

போலிப் பாஸை நீட்டும் பயணியைப் பார்ப்பதுபோல என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "சரி" என்றாள். அன்றைக்குப் படம்பிடிக்கும்போது ஒரு வார்த்தைகூட மறக்கவில்லை. நான்கு பக்கத்தையும் ஒரே மூச்சில் பேசினாள். முடித்ததும் கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேமரா அண்ணன் நிறுத்தச் சொல்ல மறந்துவிட்டார்.

சனிக்கிழமை மனதுக்குள் குறுகுறுப்போடு போனேன். கேமரா அண்ணன் கைப்பேசியை அக்கா பக்கம் தள்ளினார். "இந்த வாரம் நீ வாசிம்மா. எல்லாம் இவளைப் பத்தித்தான்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"'இவ்வளவு நேரம் பேசி ஒண்ணுமே சொல்லாமப் போறாங்க. அசல் தலைவரேதான். யாருப்பா இதை எழுதினது?'" அக்கா கவுண்டர் குரலில் வாசித்தாள். "'சொந்த முடிவுன்னு சொல்ற இடத்துல விழுந்து விழுந்து சிரிச்சேன். எழுதின கைக்கு மோதிரம் போடணும்.' 'இதுவரைக்கும் வந்ததுலயே இதுதான் பெஸ்ட். வசனகர்த்தா யாரு, முகத்தைக் காட்டுங்க.'"

கெடுக்க எழுதியதை நையாண்டியின் உச்சம் என்று தூக்கிவைத்துக் கொண்டாடுகிறார்கள்! நியாயமாக நான் அவமானத்தில் கூனிக்குறுகியிருக்க வேண்டும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், தேனாக இனித்தது. "இன்னும் இருக்கா?" என்று கேட்டேன்.

"இருக்கு" என்றாள் அக்கா. குரல் மாறாமல் வாசித்தாள். "'அந்த அம்மாவுக்குக் கூட இருக்கிறவங்களே குழி பறிச்சிருக்காங்க. அது அவங்களுக்கும் தெரிஞ்சிருக்கு. கடைசியில கேமராவைப் பார்க்கிறாங்க பாருங்க, அங்க எனக்குச் சிரிப்பு நின்னுபோச்சு.'"

கேமரா அண்ணன் என்னிடம் திரும்பினார். "அந்தப் பார்வையும் நீ எழுதினதா?"

அக்கா கைப்பேசியை மேசையில் வைத்துவிட்டுப் பையைத் தோளில் மாட்டினாள்.

"அக்கா, ராஜினாமாவை ஏத்துக்கலைன்னு ஒரு எபிசோடு எழுதிடுறேன்" என்றேன் அவசரமாக. "ரெண்டே நாள். அமைச்சர் திரும்ப வந்துடலாம்."

"வேண்டாம்டி. நீ எனக்கு எழுதினதுலயே மனசார எழுதினது இது ஒண்ணுதான். நல்லா வந்திருக்கு. அப்படியே இருக்கட்டும்."

கோபமே இல்லாமல் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். ஓடிப்போய்க் கையைப் பிடித்திருக்கலாம். பத்துப் பன்னிரண்டு படிதான். ஆனால் மேசையில் கைப்பேசி விட்டு விட்டு ஒலித்துக்கொண்டே இருந்தது. கீழே கதவு சாத்தும் சத்தம் கேட்டபோது நான் ஐந்தாவது பாராட்டைப் படித்துக்கொண்டிருந்தேன்.