நெற்றியில்லாத கேமரா

மந்திரமூர்த்தியின் வீட்டைச் சுற்றி நான்கு வயர்லெஸ் கேமராக்கள் பொருத்தப்பட்டது ஒரு வெள்ளிக்கிழமை காலையில். அவற்றில் மூன்று வெறும் பெயருக்கு வைக்கப்பட்டவை. நான்காவதே உண்மையான கேமரா. அது கொல்லையிலிருந்த முருங்கைமரத்தை நோக்கியது.

மதிலுக்கு அப்பால் வசித்த அமலன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவன். இரண்டாண்டுகளுக்கு முன் தன் தகரக் கூரைமீது சாய்ந்த முருங்கைக் கிளையை அவன் கேட்காமல் அறுத்துவிட்டான். அன்றுமுதல் இரு வீட்டுக்கும் பேச்சில்லை என்பது மந்திரமூர்த்தியின் ஆணை. இப்போது காய்களும் குறைந்துவந்தன. கிளையை அறுத்தவன் காயை விடுவானா என்பது அவருடைய தர்க்கம்.

அத்தர்க்கத்தில் இருந்த ஒரே பிழை, காய்களைப் பறித்தவள் அவர் மனைவி சீனித்தாய் என்பதுதான். புதன்கிழமைதோறும் அவள் மதிலுக்கு மேலாக ஒரு கட்டு முருங்கைக்காயை அமலனின் மனைவி கிளாடிஸிடம் நீட்டுவாள். பதிலுக்கு, கிளாடிஸின் அண்ணன் புன்னைக்காயலிலிருந்து கொடுத்தனுப்பும் விளமீன், குழம்பாகித் தூக்குச்சட்டியில் வந்துசேரும். அதை மனைவியின் சமையலென்று நம்பி உண்ட மந்திரமூர்த்தி, தம் கயிறு, தார்ப்பாய்க் கடைக்கு வரும் லாரிக்காரர்களிடம் அதன் பெருமையை விரிவாக எடுத்துரைத்தும் வந்தார். நான்காவது கேமரா ஒரேயொரு புதன்கிழமையைக் கண்டுவிட்டால் போதும். சீனித்தாய்க்குக் குழம்பும் போகும், சண்டைக்கு முன்பிருந்தே தொடரும் தோழமையும் போகும்.

"அண்ணாச்சி, போன்ல ஆப் போட்டாச்சு. கடைல இருந்தே பாத்துக்கிடலாம். பேசுததும் கேக்கும், மைக் உண்டுல்லா" என்றான் கேமரா பொருத்த வந்த ரெக்சன். சீனித்தாய் அப்போது அடுக்களையில் சந்தனம் குழைத்துக்கொண்டிருந்தாள். அது அவள் காதில் விழவில்லை.

சந்தனமும் குங்குமமும் வைக்காமல் அவ்வீட்டில் எந்தப் புதுப்பொருளும் இயங்கியதில்லை. வைத்த பொட்டைத் துடைக்கலாகாது, அது தானாகவே உதிர வேண்டும் என்பதும் மந்திரமூர்த்தி வகுத்த விதி. கடையின் புதிய மின்தராசின் எண்கள்மீதே பொட்டு விழுந்தபோது, கயிறு வாங்க வந்தவர்கள் ஒரு வாரம் அவர் சொன்ன எடையை நம்ப நேர்ந்தது.

சீனித்தாய் ஏணியில் ஏறினாள். சந்தேகம் எழாதிருக்க நான்கு கேமராக்களுக்கும், கண்ணாடியின் நட்டநடுவே, ஒற்றை ரூபாய் அளவில் பொட்டு வைத்தாள்.

"ஏளா, என்ன காரியம் செஞ்ச? கண்ணுலயா பொட்டு வைப்பாவ?"

"இதுக்கு நெத்தி எங்கன இருக்கு? நீங்களே காட்டுங்க, அங்கன வைக்கேன்."

மந்திரமூர்த்தி கேமராவை மூன்று பக்கமிருந்தும் பார்த்தார். அது உருண்டையாக இருந்தது. நெற்றி தென்படவில்லை.

"தொடச்சிரவா அண்ணாச்சி?" என்று ரெக்சன் துணியை எடுத்தான்.

"ஏலே, கையை எடு! வச்ச பொட்டத் தொடச்சா வெளங்குமா?"

ஆக, உண்மையான கேமராவும் உலகைச் செக்கச் சிவப்பாகவே கண்டது.

புதன்கிழமை முற்பகல். கடையில் ஒரு லாரிக்காரருக்குத் தார்ப்பாய் விரித்துக் காட்டிக்கொண்டிருந்த மந்திரமூர்த்தியின் கைபேசி, கொல்லையில் சத்தம் கேட்பதாக அறிவித்தது. திரையில் சிவப்பு மட்டுமே இருந்தது. சிவப்புக்குள்ளிருந்து குரல்கள் வந்தன.

"சீனியக்கா, அண்ணாச்சி கண்டுபிடிச்சிட்டாவன்னா?" அது கிளாடிஸ்.

"அவருக்கு நாக்கு மட்டுந்தாம்ளா வேலை செய்யும். போன வாரம் சட்டியை வழிச்சுத் தின்னுட்டு, 'உன் கையில என்னமோ இருக்குளா'ங்காரு."

"என்னக்கா இருந்துச்சு?"

"உன் கரண்டி."

இரு பெண்களின் சிரிப்பும் கடையை நிறைத்தது. லாரிக்காரர் தார்ப்பாயின் தையலை மிகுந்த அக்கறையோடு ஆராயலானார்.

மதியம் மந்திரமூர்த்தி வீட்டுக்கு வந்தபோது, சொல்ல வேண்டிய வசவுகள் அனைத்தும் அவரிடம் வரிசையாக ஆயத்தமாய் இருந்தன. சோற்றின்மீது குழம்பு விழுந்தது. மணம் எழுந்தது. அவர் வாயைத் திறந்தார். ஒரு துண்டு மீனை உள்ளே வைத்து மூடிக்கொண்டார். வசவுகள் அதன் பின்னால் இறங்கிப்போயின. சட்டியை வழிக்கவும் தவறவில்லை.

வெள்ளிக்கிழமை பொட்டு உதிரத் தொடங்கியது. கைபேசித் திரையின் ஓரத்தில் ஒரு முருங்கையிலையும் மதிலின் விளிம்பும் தெரிந்தன. காலையிலேயே பொட்டின் விளிம்பு உதிர்ந்திருந்ததைக் கண்ட சீனித்தாய், கலங்கிப்போய் மீண்டும் கொல்லைக்கு வந்தாள். அங்கே மந்திரமூர்த்தி, கையில் சந்தனக் கிண்ணத்தோடு, ஏணியின் மேற்படியில் நின்றிருந்தார்.

"என்னங்க செய்யுதிய?"

"பொட்டு உதிருதுல்லா. புதுச் சாமானை வெறுங்கண்ணா விடக் கூடாது."

நான்காவது கேமராவுக்குச் சந்தனத்தை அடைபோல அப்பினார். பிறகு, திரும்பிப் பாராமலே சொன்னார்:

"புதன்கிழமை குழம்புல புளி கூடிப்போச்சு. சொல்லிரு."

சீனித்தாயின் கை ஏணியை இறுகப் பற்றியது. "யார்ட்ட?"

"கரண்டிக்காரிட்ட."

மதிலுக்கு அப்பால் ஏதோ ஒரு பாத்திரம் கைநழுவி விழுந்து, வெகுநேரம் உருண்டது.