பொம்மைக்கு வலிக்காது

"டீச்சர், குடுங்க. நாங்க செய்யறோம்" என்று சோடாபுட்டி சொன்னபோது, தங்கை ஏற்கெனவே துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்திருந்தாள்.

கட்டிலில் அக்கா கிடந்தாள். விடியும்போது மூச்சு அடங்கியிருந்தது. டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போயாயிற்று. இனி உடம்பைத் துடைத்து உடை மாற்ற வேண்டும். சேதி கேட்டதும் தங்கை பாடம் நடத்தும் வகுப்பிலிருந்து இரண்டு மாணவிகள் ஓடிவந்திருந்தார்கள். ஒருத்தி, தடிக் கண்ணாடி போட்டதால் அந்தப் பெயர் வாங்கிய சோடாபுட்டி. இன்னொருத்தி இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். வகுப்பில் எல்லோருக்கும் பெரியவள்.

தங்கை வெகுகாலம் ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டவள். போன வருடம்தான் அதே வேலையைச் சொல்லிக்கொடுக்கத் தொழிற்பள்ளியில் சேர்ந்தாள். வேலை கைவந்தது; சொல்லிக்கொடுக்க வரவில்லை. யாராவது தடுமாறினால் "நகரு" என்று பிடுங்கித் தானே செய்துவிடுவாள். வகுப்பு வேடிக்கை பார்க்கும். முதல் பரீட்சையில் பாதிப் பேர் கோட்டை விட்டார்கள். வேலையே வேண்டாமென்று அழுதுகொண்டு வந்தவளிடம், பக்கவாதத்தில் படுத்துக்கிடந்த அக்காதான் கேட்டாள்.

"எதை வச்சுடி சொல்லித்தர்ற?"

"ரப்பர் பொம்மை."

"பொம்மைக்கு வலிக்காது. எனக்கு வலிச்சா கத்துவேன்ல? இங்க கூட்டிட்டு வா."

வாராவாரம் இரண்டிரண்டு பேராக வந்தார்கள். சோடாபுட்டி முதல்முறை புரட்டியபோது அக்காவின் கை உடம்புக்கடியில் மாட்டிக்கொண்டது. தங்கை பாய்ந்தாள்.

"நீ சும்மா இரு" என்று அக்கா அதட்டினாள். "ஏம்மா கண்ணாடி, கை அடியில இருக்கு பாரு. மெதுவா எடு. நான் எங்கயும் ஓடிட மாட்டேன்."

சிரிப்போடு சிரிப்பாக சோடாபுட்டி கையை விடுவித்தாள். கையைக் கட்டிக்கொண்டு நிற்பது எத்தனை கஷ்டம் என்று தங்கைக்கு அன்றுதான் தெரிந்தது. அப்புறம் ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கூடுதல் நேரம் அப்படி நின்றாள். அடுத்த பரீட்சையில் ஒருத்தியைத் தவிர எல்லோரும் தேறினார்கள். அந்த ஒருத்தியையும் கூட்டிவரச் சொல்லி அக்கா நச்சரித்துக்கொண்டிருந்தாள்.

இப்போது துணியைக் கொடுத்துவிட்டுத் தங்கை சுவரோரம் போய் நின்றாள்.

முகம், கழுத்து, விரலிடுக்கு. எதையும் விடாமல் சோடாபுட்டி துடைத்தாள். பெரியவள் குனிந்து தோளில் ஒரு கையும் இடுப்பில் ஒரு கையும் கொடுத்தாள்.

"அக்கா, உங்கள இந்தப் பக்கம் திருப்பப்போறேன்" என்றாள்.

இறந்தவர்களிடம் இதைச் சொல்லவேண்டுமென்று தங்கை பாடத்தில் சொன்னதே இல்லை. அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

உடை மாற்றியானதும் சோடாபுட்டி சீப்பை எடுத்தாள்.

"வகிடு எந்தப் பக்கம், டீச்சர்?"

தங்கை தன் தலையின் இடது பக்கத்தைத் தொட்டுக் காட்டினாள்.

"அவங்களுக்கு இடதா, எனக்கு இடதா?"

"அவளுக்கு."

சோடாபுட்டி சீப்பை நனைத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு வகிடு எடுத்தாள். அது லேசாகக் கோணிக்கொண்டு போயிற்று. அக்காவின் முகத்துக்கு அது நன்றாகத்தான் இருந்தது.