ஆரோக்கியமாதா, த/பெ சுவக்கீன்

டெல்லியில் சாலைகளுக்கென்றே இருக்கும் அமைச்சகத்தின் பேரில் வந்த நோட்டீஸை நான் மூன்று தடவை படித்தேன். வாத்தியார் வேலை பார்ப்பவன். எதையும் முதல் தடவையிலேயே நம்பும் பழக்கம் எனக்கில்லை. அகரம் பிரிவில், எங்கள் புஞ்சை ஓரத்தில் நிற்கும் மாதா கெபி, அதாவது சிலை வைத்த சின்னக் குகைக்கோயில், நான்குவழிச் சாலைக்குள் வருகிறது. அது தெரிந்த விஷயம்தான். உரிமையாளர் பெயரில்தான் இருந்தது கூத்து: 'ஆரோக்கியமாதா, த/பெ சுவக்கீன்.' ஆட்சேபணை இருந்தால் திங்கட்கிழமை நேரில் வர வேண்டும். வராவிட்டால் மறுநாளே இடித்துவிடுவார்களாம்.

"ஏ புஷ்பம், இது யாரு பாத்த வேல?"

என் மனைவி புஷ்பமேரி கத்திரிக்காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. "அளக்க வந்த தம்பி கெபி யாருதுன்னு கேட்டுச்சு. மாதாவுதுன்னேன். பேரு கேட்டுச்சு, சொன்னேன். அப்பா பேரு கேட்டுச்சு. தெரிஞ்சத தெரியாதுன்னு சொல்லச் சொல்றீகளா?"

ஞாயிறு மறைக்கல்வியில் பரிசு வாங்கியவளிடம் வேறென்ன பதில் வரும்!

சாலை வேண்டாமென்று நாங்கள் சொல்லவில்லை. கெபியை நாங்களே பத்தடி உள்ளே தள்ளிக் கட்டிக்கொள்ள ஒரு மாதம் தவணை வேண்டும், அவ்வளவுதான். பிள்ளையில்லாத பதினோரு வருடமும் அவள் முழங்காலிட்டு அழுத இடம் அது. அதன்மேல் பொக்லைன் ஏறுவதை அவளால் பார்க்க முடியாது. என்னாலும் முடியாது, வெளியே சொல்லிக்கொள்வதில்லை.

திங்கட்கிழமை திண்டுக்கல் பஸ்ஸில் அவள் மடியில் ஒரு பெரிய பை இருந்தது. என்னவென்று கேட்டதற்கு, "பேசாம வாங்க" என்றாள்.

"ஆரோக்கியமாதா!" விசாரணை அறை வாசலில் பியூன் கூப்பிட்டார்.

நான் உள்ளே போய்க் கும்பிட்டேன். "ஐயா, நான் ஞானதாஸ். நெலம் என் பேர்லதான்..."

அதிகாரி நிமிர்ந்தார். நெற்றி நிறையத் திருநீறு. "நீங்க ஆரோக்கியமாதாவா?"

"இல்லீங்கய்யா."

"சம்பந்தப்பட்டவங்கதான் சார் வரணும். பேப்பர்ல இருக்கறபடிதான் நான் செய்ய முடியும்." 'வரவில்லை' என்று எழுதப் பேனாவைத் திறந்தார்.

"சுவக்கீன் மக ஆரோக்கியமாதா!" பியூன் கடைசித் தடவையாகக் கத்தினார்.

"வந்துருக்காக" என்றாள் புஷ்பமேரி.

பையிலிருந்த துண்டை விலக்கி, கிரீடமும் நீலச் சேலையுமாக மாதாவை எடுத்து, அதிகாரிக்கு எதிரே இருந்த நாற்காலியில் உட்கார வைத்தாள். பியூன் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டார். மேசைக்கு அடியில் அதிகாரியின் கால்கள் ஒவ்வொன்றாகச் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தன.