நெற்றியில் பாதித் திருநீறு

மலைப்படியில் எதிர்ப்பட்டவர்களையெல்லாம் நிறுத்தி வள்ளியம்மாள் பெருமை பேசிக்கொண்டிருந்தாள். "எம்பொண்ணு செஞ்ச பொட்டி வானத்துல சுத்திகினு கீதுங்க. காஸ்மிக் கதிரு புடிக்குமாம். இன்னிக்குத்தான் கரண்டு குடுக்கறாங்க."

பின்னால் வந்த மகள் சுசித்ரா போனை எடுத்து மணி பார்த்துக்கொண்டாள். கட்டுப்பாட்டு அறையில் உட்காரத் தைரியமில்லாமல்தான் லீவு போட்டுவிட்டுத் திருத்தணிக்கு ஓடிவந்திருந்தாள்.

பெட்டியை மூடிய அன்றும் அம்மா நெற்றி நிறையத் திருநீறு பூசித்தான் அனுப்பினாள். பெட்டி இருந்த, தூசு ஆகாத அறைக்குள் போகுமுன் முகம் கழுவவேண்டும். அம்மா பூசியதை அழிக்க மனம் வராமல் தொப்பியை இழுத்து மறைத்துக்கொண்டாள் மகராசி. உள்ளே அரித்தது, திறந்த பெட்டியின்மேல் குனிந்தபடியே தொப்பியைத் தூக்கிச் சொறிந்தாள். மூடியை முடுக்கிவிட்டு வெளியே வந்து கண்ணாடியைப் பார்த்தால், பாதித் திருநீற்றைக் காணோம். தொப்பியில் ஒட்டியதா, பெட்டிக்குள் கதிர் பிடிக்கும் சிலிக்கான் தகடுகளில் விழுந்ததா? மறுபடி திறந்தால் ராக்கெட் காத்திருக்காது. வாயே திறக்கவில்லை.

தகட்டில் துளிச் சாம்பல் இருந்தாலும், மின்சாரம் ஒரேயடியாக ஏறினால் பொறி பறந்து மொத்தமும் கருகிவிடலாம். சொன்னால் மெதுவாக ஏற்றுவார்கள். ஆனால், சொன்னால் வேலை நிலைக்குமா?

போன் அடித்தது. குழுத்தலைவி காஞ்சனா. "ஆன் பண்ணப்போறோம் சுசித்ரா. சந்தோஷமா?"

"மேடம், நிறுத்துங்க!" குரல் உடைந்துவிட்டது. "கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க. உள்ள திருநீறு விழுந்திருக்கலாம். என் நெத்தியில இருந்தது. அன்னிக்கே சொல்லியிருக்கணும்."

காஞ்சனா லைனைத் துண்டித்தாள்.

சந்நிதியிலிருந்து வெளியே வந்ததும் மறுபடி அடித்தது. காஞ்சனாவின் குரலில் கோபம் தணியவில்லை. "ஒரு தகட்டுல பொறி வந்துச்சு. மெதுவா ஏத்தினதால அதை மட்டும் அணைச்சுட்டோம். மத்ததெல்லாம் கதிரைப் பார்க்குது. நாளைக்கு வந்து நடந்ததை எழுதிக் கொடு."

சுசித்ரா தூணில் சாய்ந்து அழுதாள். மகளுக்குப் பூசத் திருநீறு எடுத்த வள்ளியம்மாளின் விரல்கள் பாதியிலேயே நின்றுவிட்டன. படியில் மகள் பேசியதெல்லாம் அவள் காதிலும் விழுந்துதான் இருந்தது.

"நான் வச்சதாலயாடி?"

"நான் கழுவாம போனதாலம்மா."

வள்ளியம்மாள் விரல்களை முந்தானையில் துடைக்கப்போனாள். சுசித்ரா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னிக்கு லீவுதானேம்மா. வை."