அறுபது சென்டிமீட்டர்

ஜெர்மனியில் ஹெர்னே என்கிற ஊரின் ரயில் நிலையத்துக்குப் பின்னால், சுரங்கப்பாதை முடிகிற இடத்தில் எங்கள் கடை இருக்கிறது. பல்லி, பாம்பு, ஆமை, அவற்றுக்கான தீனி, விளக்கு, கூண்டு எல்லாம் விற்கிறோம். பதினாறு வருஷமாக அங்கே நிற்கிறேன். தவறான கூண்டை யாருக்கும் விற்றதில்லை என்பதுதான் என்னுடைய ஒரே பெருமையாக இருந்தது, கொவோலிக் அந்த அக்டோபர் மாதம் கையில் அளவு நாடாவோடு வரும்வரை.

ருடி கொவோலிக் டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு ஆண் பச்சோந்தியையும் அதற்கான வலைக்கூண்டையும் என்னிடம்தான் வாங்கினார். இன்றுவரை அவருக்கு நான் ஃப்ராவ் டெப்பே, எனக்கு அவர் ஹெர் கொவோலிக்; திருமதி, திரு என்கிற மரியாதையோடுதான் பேசிக்கொள்வோம். கூண்டு ஆளுயரம். நான்கு பக்கமும் காற்று போகும், உள்ளே ஒரு அத்திச் செடி. பச்சோந்திக்கு அவர் வைத்த பெயர் செக்கர்.

"ஒரு கண்ணு முன்வாசல்ல, ஒரு கண்ணு பின்வாசல்ல. முப்பத்தொரு வருஷம் இந்த மூஞ்சியத்தான் கண்ணாடில பாத்தேன். டிக்கெட் இல்லாதவன் ஒருத்தனும் தப்ப முடியாது" என்பார்.

அன்று அவர் சிரிக்கவில்லை.

"ஃப்ராவ் டெப்பே, எனக்கு ஒரு சின்னப் பெட்டி வேணும். கண்ணாடி. உயரம் அறுபது சென்டிமீட்டருக்கு மேல போகக் கூடாது."

"யாருக்கு?"

"செக்கருக்கு."

"ஹெர் கொவோலிக், அவனுக்கு நூத்தியிருபது இருக்கணும்னு உங்களுக்கே தெரியுமே."

"தெரியும். ஹன்னலோரே ரூம்ல இருக்கற அலமாரிக்குத் தெரியலியே."

பிறகு சொன்னார். அவர் மனைவி ஹன்னலோரேவுக்கு நினைவு போய்க்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். அந்தக் கோடையில் அவள் இரண்டு முறை வாயு அடுப்பைத் திறந்துவிட்டு மறந்திருக்கிறாள். ஒருமுறை இரவு உடையோடு பெருஞ்சாலை வரை நடந்து போயிருக்கிறாள். செப்டம்பரில் முதியோர் இல்லத்தில் சேர்த்துவிட்டார்கள். அங்கே போனதிலிருந்து அவள் வாயைத் திறக்கவில்லை. பேச்சும் இல்லை, நர்ஸுகள் வற்புறுத்திப் புகட்டும் நீராகாரம் தவிரச் சாப்பாடும் இல்லை.

"வீட்ல அவனுக்கு எதிர்லதான் உக்கார வெப்பேன். அவன் நாக்க நீட்டி வெட்டுக்கிளியப் புடிப்பான்ல, அப்போ இவளும் ஆன்னு வாயத் தொறப்பா. அந்த நேரம் பாத்து ஸ்பூன உள்ள வெச்சுருவேன். அவனுக்கு ஒரு வாய், இவளுக்கு ஒரு வாய். அப்பிடியே ஒரு தட்டு உருளைக்கிழங்கு மசியல் எறங்கிடும்."

இல்லத்தின் மேலாளர், டிரேசன் என்கிற அம்மாள், பச்சோந்திக்குச் சம்மதித்திருந்தாள். ஆனால் வலை கூடாது, பூச்சி வெளியே வரும். தரையில் எதுவும் நிற்கக் கூடாது, சக்கர நாற்காலி போக வேண்டும். இழுப்பறைப் பெட்டியின் மேல், சுவர் அலமாரிக்குக் கீழே வைக்கலாம். அந்த இடைவெளியைக் கொவோலிக் மூன்று முறை அளந்திருந்தார்.

நான் எல்லாவற்றையும் சொல்லிப் பார்த்தேன். அவ்வளவு சின்னப் பெட்டியில் விளக்கு முதுகுக்கு மிக அருகில் வரும், சுடும். விலகிப் போக இடமிருக்காது. தண்ணீர் தெளித்தால் ஈரம் உள்ளேயே தேங்கி நெஞ்சில் சளி கட்டும். கண்ணாடியில் தன் உருவத்தையே பார்த்து எதிரி என்று நாளெல்லாம் பொருமும். உயரத்தில் இருந்தால்தான் அதற்குப் பயமில்லை. இடுப்பு உயரத்தில் வைத்து ஆட்கள் குறுக்கே நடந்தால், பருந்துக்குக் கீழே கிடக்கிற மாதிரி.

"வீட்லயே இருக்கட்டும். ஞாயித்துக்கெழம அவங்கள வீட்டுக்குக் கூட்டிட்டு வாங்களேன்" என்றேன்.

"கூட்டிட்டு வந்தேன். திரும்பக் கெளம்புறப்போ கதவப் புடிச்சுக்கிட்டா. வெரல ஒவ்வொண்ணாப் பிரிச்சு எடுக்க வேண்டியதாப் போச்சு." அவர் அளவு நாடாவை இழுத்தார், விட்டார். "அத இன்னொரு தடவ என்னால செய்ய முடியாது."

"அப்போ அவன மட்டும் துணிப்பைல கொண்டு போய்க் காட்டிட்டு வாங்க."

"ரெண்டு வாரம் செஞ்சேன். பஸ்ஸுல போறப்பவே கறுத்துப் போயிடறான். அங்க போனா ஒண்ணும் திங்க மாட்டேங்கிறான். அவன் திங்கலன்னா இவளும் திங்க மாட்டா."

அவர் அங்கிருந்த ஒரு சின்னக் கண்ணாடிப் பெட்டியின் மேல் கையை வைத்தார்.

"இதுல எவ்ளோ நாள் தாங்குவான்?"

நான் பொய் சொல்லவில்லை. "நாலு மாசம். அஞ்சு இருந்தா அதிர்ஷ்டம்."

"அவளுக்கும் டாக்டர் அதேதான் சொல்றாரு" என்றார்.

பெட்டியைக் கொடுத்தேன். மேலே காற்றுக்கு நானே கூடுதலாகத் துளை போட்டேன், விளக்கை மங்கலானதாக மாற்றினேன், பின்கண்ணாடியில் மரப்பட்டை ஒட்டினேன். இதெல்லாம் என் மனசுக்காகச் செய்தது. செக்கருக்கு இதனால் பத்து நாள் கூடக் கிடைத்திருக்காது.

நவம்பரில் ஒருமுறை இல்லத்துக்குப் போய்ப் பார்த்தேன். சொன்னது உண்மைதான். ஹன்னலோரே படுக்கையில் சாய்ந்து பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாக்கு பாய்ந்ததும் அவள் வாய் திறந்தது. கொவோலிக் ரவைக் கூழை ஊட்டினார். மெல்ல விழுங்கினாள்.

"பாத்தீங்களா? என்ன சாப்பாடு சாப்பிடுறா!" என்றார், பெற்ற குழந்தையைக் காட்டுகிறவர் போல.

நான் பார்த்தது செக்கரை. பச்சை நிறமே இல்லை. பழுப்பாக, முன்னங்கால்களால் கண்ணாடியைச் சுரண்டிக்கொண்டிருந்தது. பட்டப்பகலில் ஒரு கண்ணை மூடி வைத்திருந்தது. பச்சோந்தி பகலில் கண்ணை மூடினால் முடிவு நெருங்குகிறது என்று கொவோலிக்குக்கும் தெரியும். அவர் கூழில் அடுத்த ஸ்பூனை நிரப்பினார்.

ஜனவரி மூன்றாம் வாரம் செக்கர் செத்துப்போனது.

அன்று மதியமே கொவோலிக் கடைக்கு வந்துவிட்டார். கோட்டுப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார்.

"காலைல கெளைக்குக் கீழ கெடந்தான். செடி மட்டும் இருக்கு. வெளக்கப் போட்டு வெச்சுருக்கேன். அவ அந்த எலையவே பாத்துட்டிருக்கா. வாயத் தொறக்கல."

"வருத்தமா இருக்கு, ஹெர் கொவோலிக்."

"இன்னொண்ணு குடுங்க."

அவர் என்ன கேட்கிறார் என்று எனக்குச் சட்டென்று விளங்கவில்லை.

"அதே பெட்டிக்கா?"

"அதே பெட்டிக்குத்தான்."

கடையில் ஒரு இளம் ஆண் இருந்தது, எட்டு மாதம். மேல்வரிசைக் கூண்டில், அத்தி இலைக்குப் பின்னாலிருந்து எங்கள் இருவரையும் தனித்தனிக் கண்ணால் பார்த்தது. நல்ல ஆரோக்கியம். முறையாக வைத்தால் ஆறு வருஷம் இருக்கும்.

"முடியாது. ஒரு தடவ தெரிஞ்சே செஞ்சுட்டேன். ரெண்டாவது தடவ செய்ய மாட்டேன்" என்றேன்.

அவர் கோபப்படவில்லை, கெஞ்சவும் இல்லை. "சரி, புரியுது" என்று தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டார். கதவு வரை போனவர் அங்கேயே நின்றார். திரும்பவில்லை. கதவைத் திறக்கவும் இல்லை. போய் என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கிற ஆள் எப்படி நிற்பான் என்று நான் அன்றுதான் பார்த்தேன்.

துணிப்பையை எடுத்தேன். இளசு என் கையை இறுகப் பிடித்தது. ஒவ்வொரு விரலாகப் பிரித்துத்தான் உள்ளே விட முடிந்தது.

அதற்கு அவர் பெயர் வைக்கவில்லை. ஹன்னலோரே மறுபடி சாப்பிட்டாள், முன்பு சாப்பிட்டதில் பாதி. மார்ச்சில் அதுவும் குறைந்தது. கடைசி வாரங்களில் பச்சோந்தி நாக்கை நீட்டும், அவள் பார்ப்பாள், வாய் மட்டும் மூடியபடியே இருக்கும். ஏப்ரல் பத்தொன்பதாம் தேதி இறந்தாள்.

அடக்கம் முடிந்த மறுநாள் அவர் அந்த இளம் பச்சோந்தியை என்னிடம் கொண்டுவந்தார். வீட்டிலிருந்த அந்த ஆளுயர வலைக்கூண்டையும் தள்ளுவண்டியில் வைத்து இழுத்து வந்திருந்தார்.

"வீட்டுல வெச்சு இவனப் பாக்க என்னால ஆகாது. நீங்க காப்பாத்துங்க."

கூண்டை ஜன்னல் ஓரம் நிறுத்தி, புதுச் செடி வைத்து, உச்சிக் கிளையில் ஏற்றிவிட்டேன். அது ஏறிய இடத்திலேயே இருந்தது. இரண்டு கண்களும் குழி விழுந்திருந்தன. மருத்துவர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டுச் சிறுநீரகம் போய்விட்டது என்றார். தினமும் காலையில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் கொடுத்தேன். மே மாதம் முழுக்க அந்த ஒரே கிளையில், இறங்காமலும் நகராமலும் இருந்து, ஜூன் முதல் வாரம் செத்தது.

கொவோலிக்குக்குப் போன் செய்து சொன்னேன்.

"அப்பிடியா" என்றார். அவருக்குப் பின்னால் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. "நாலு மாசம், அஞ்சுன்னு நீங்க சொன்ன கணக்கு சரியாத்தான் இருந்துச்சு, ஃப்ராவ் டெப்பே."

நான் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் நன்றி சொல்லிப் போனை வைத்துவிட்டார்.